செருப்பைப் பறிகொடுத்தவர் யார்?

கொலைச் செய்தியை எழுத நீங்கள் அவ்வளவாகப் பயப்பட வேண்டியதில்லை. சிரிப்பு வருகிற குற்றச் செய்தி வந்தால்தான் பயப்பட வேண்டும். பத்திரிகையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் நாலு வார்த்தை பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறார்கள். நான் சொல்ல வந்ததும் இந்த ஒன்றைத்தான். கொலை என்றால் எல்லாரும் கவனமாக இருப்பார்கள். ஆசிரியர் இரண்டு தடவை படிப்பார், வழக்கறிஞரைக் கேட்பார், போலீஸ் என்ன சொன்னது என்று மறுபடி கேட்பார். சிரிப்புச் செய்திக்கு அதெல்லாம் கிடையாது. படித்துச் சிரித்துவிட்டு நேரே அச்சுக்கு அனுப்பிவிடுவார்கள். அதில் மாட்டிக்கொண்ட ஆளுக்காகப் பரிந்து பேச ஒருவரும் இருக்கமாட்டார்கள். எல்லாரும் சிரித்துக்கொண்டிருப்பார்கள்.

மலாக்கா நிருபராக நான் இருந்த காலம் முழுக்க அந்த மாதிரிச் செய்திகள் என்னைத் தேடி வந்தன. தஞ்சோங் கிளிங்கில் ஒரு வீட்டுக்குள் புகுந்த திருடன், ஏர்கோன் குளிர் சுகமாக இருக்கிறதென்று கட்டிலில் படுத்துத் தூங்கிவிட்டான். சந்தைக்குப் போய்த் திரும்பிய வீட்டுக்காரம்மா, "எந்திரிப்பா, போலீஸ் வந்துருச்சு" என்று எழுப்பினார். இன்னொருவன் மோட்டாரைத் திருடிக்கொண்டு பறந்தான். எண்ணெய் தீர்ந்து வண்டி நின்ற இடம் போலீஸ் நிலையத்து வாசல். தீபாவளிக்கு முந்திய வாரம் ஒரு வீட்டில் நகையை விட்டுவிட்டு முறுக்கு டின்னைத் தூக்கிக்கொண்டு போனவனைப் பற்றியும் எழுதியிருக்கிறேன். "இதையெல்லாம் மலாக்கா அக்கா எழுதினால்தான் நன்றாக இருக்கும்" என்று தலைமை அலுவலகத்தில் சொல்வார்கள். உண்மைதான், அடக்கமாகப் பேச எனக்கு வராது. ஆனால் என் பெருமை அந்தச் செய்திகளில் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு செருப்புச் செய்தி வந்து என் கழுத்தைப் பிடித்தது. அதை நான் எழுதிய விதத்தில்தான் இருக்கிறது.

அந்த வாரம் சனிப்பெயர்ச்சி. மஸ்ஜித் தானாவிலிருந்து கோலா சுங்கை பாருவுக்குப் போகிற பாதையில், ரப்பர்த் தோட்டம் மூடிய பிறகும் மூடாமல் இருக்கிற ஒரு மாரியம்மன் கோவில் உண்டு. அங்கே சனிக்கிழமை காலையில் சிறப்புப் பூஜை. நல்ல கூட்டம். மலாக்கா பட்டணத்திலிருந்து தொழிலதிபர் ஒருவர், டத்தோ பட்டம் வாங்கியவர், சிறப்பு விருந்தினராக வந்து மாலை போட்டுக்கொண்டார். பூஜை முடிந்து வெளியே வந்தால் அவருடைய சப்பாத்தைக் காணவில்லை. கோவில் நிர்வாகத்தினர் ஓடிப்போய் ஒரு ரப்பர் சிலிப்பர் வாங்கி வந்து கொடுக்க, டத்தோ அதைப் போட்டுக்கொண்டு கடுகடுவென்று காரில் ஏறிப் போனார்.

மறுநாள் காலையில் நான் தஞ்சோங் கிளிங் கடற்கரைச் சாலையில் பசியாறிக்கொண்டிருந்தேன். ரொட்டி சானாயைப் பிய்த்து வாயில் வைப்பதற்குள் கைப்பேசி துள்ள ஆரம்பித்துவிட்டது. எல்லாக் குழுவிலும் அதே காணொளி. கோவில் கேமராவில் பதிவானது. ஒல்லியான ஒரு மனிதர் சாக்கைப் பிடித்துக்கொண்டு வாசல் சுவர் ஓரம் குனிந்து செருப்புகளை அள்ளுகிறார். பளபளவென்று தங்க நிற வளையம் போட்ட கறுப்புச் சப்பாத்து ஒன்றும் சாக்குக்குள் போகிறது. நிமிர்ந்து இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்க்கிறார். பிறகு சாக்கை மோட்டாரில் வைத்துக்கொண்டு போய்விடுகிறார். அவ்வளவுதான். மேலே, "செருப்புத் திருடன்! பகிருங்கள்!" என்று எழுதியிருந்தது. அந்தத் திருட்டு முழியைப் பார்த்துச் சிரிக்காதவர் இல்லை. ஒரு மணி நேரத்தில் யாரோ அவருடைய பெயரையும் வேலையையும் போட்டுவிட்டார்கள். மணியம். பக்கத்துத் தமிழ்ப்பள்ளியின் பாதுகாவலர்.

கோலாலம்பூரிலிருந்து எங்கள் செய்தியாசிரியர் அழைத்தார். வயதில் என்னைவிட இளையவர், நல்ல தம்பி, ஆனால் அவசரக்காரர்.

"அக்கா, பாத்தீங்களா? நாளைக்கு முதல் பக்கம். அந்த ஆளோட பேரும் படமும் வேணும்."

"யாரோட செருப்பு காணோம்?"

"என்னாக்கா கேள்வி இது? சாக்கு நிறைய அள்ளிக்கிட்டுப் போறாரு!"

"சாக்கு எனக்கும் தெரியுது தம்பி. செருப்பப் பறிகொடுத்தவன் ஒருத்தன் பேரச் சொல்லு."

"டத்தோ இருக்காரே."

"அவரு ஒரு சோடி. மிச்சமெல்லாம் யாருது?"

"ஐயோ அக்கா, ஊரே சிரிக்குது. மத்த பத்திரிகைக்காரன் எழுதிடுவான் லா."

"எழுதட்டும். சாயந்தரம் வரைக்கும் எனக்கு நேரம் குடு. அதுக்கு முன்னாடி என்னைக் கேக்காம ஒரு எழுத்து போட்டேன்னா, நேரா பஸ் ஏறி அங்க வந்துருவேன்."

வந்துவிடுவேன் என்று அவருக்குத் தெரியும். சரி என்றார்.

பிள்ளைகளா, திருட்டு என்று யாராவது சொன்னால் எடுத்தவனைத் தேடி ஓடாதீர்கள். அதற்குப் போலீஸ் இருக்கிறது. நீங்கள் பறிகொடுத்தவரைத் தேடுங்கள். அவர் இல்லாமல் திருட்டே கிடையாது. அன்றைக்கு நான் செய்த வேலை முழுக்க இதுதான்.

பூஜைக்குப் போனவர்களில் எனக்குத் தெரிந்தவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். கோலா சுங்கை பாருவில் மீன் கடை வைத்திருக்கும் ஓர் அம்மா, வெறுங்காலோடு வீடு திரும்பியதாக ஒத்துக்கொண்டார். "செருப்பு காணாமப் போச்சாம்மா?" என்று கேட்டதுதான் தாமதம், பதறிவிட்டார்.

"ஐயையோ, கண்டுபிடிச்சுக் கிண்டுபிடிச்சுக் கொண்டாந்துடாதீங்கம்மா! நானேதான் விட்டுட்டு வந்தேன். போன வருசம் முழுக்க நான் பட்ட பாடு போதும். அது அங்கேயே கெடக்கட்டும்."

லாரி ஓட்டுகிற ஒரு தம்பியும் அதையேதான் சொன்னான். தார் ரோட்டில் வெயிலில் குதித்துக் குதித்து லாரிக்குப் போனதில் உள்ளங்கால் கொப்பளித்துவிட்டதாம். ஆனாலும் குரலில் அவ்வளவு சந்தோஷம். "சனி விட்டுச்சுக்கா, கால் போனா போகுது."

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. உங்களுக்கும் தெரிந்ததுதானே. கோவிலில் செருப்பு தொலைந்தால் பீடை தொலைந்தது என்று சந்தோஷப்படுகிற ஆட்கள் நாம். சனிப்பெயர்ச்சி அன்றைக்குத் தானாகத் தொலைகிறதா என்று காத்திருக்க நமக்குப் பொறுமை ஏது? பழைய செருப்பைப் போட்டுக்கொண்டு போய் சுவர் ஓரத்தில் கழற்றிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுகிறோம். திரும்ப எடுத்துக்கொள்ள நினைப்பவர்கள் கோவில் வாசலில் இருக்கும் அடுக்கில் வைப்பார்கள். சுவர் ஓரத்தில் கிடப்பது விட்டுவிட்டுப் போனது. இது கோவிலுக்கு வருகிற எல்லாருக்கும் தெரியும். மணியம் அள்ளியது சுவர் ஓரத்துக் குவியலை. ஆக, ஊர் முழுக்கச் சிரிக்கிற இந்தத் திருட்டில் பொருள் கேட்டு வருகிறவர் ஒருவர்கூட இல்லை, டத்தோவைத் தவிர. டத்தோவின் சப்பாத்து அந்தக் குவியலுக்கு எப்படிப் போனது?

முதலில் மணியத்தின் வீட்டுக்குப் போனேன். மலிவு விலை வீடுகள் வரிசையாக இருக்கிற தாமான் குடியிருப்பு. அவர் பனியனோடு வாசல் குழாயடியில் உட்கார்ந்து, பேசினில் சவர்க்காரத் தண்ணீர் வைத்துச் செருப்பு தேய்த்துக்கொண்டிருந்தார். சுவரில் சோடி சோடியாகக் காய்ந்துகொண்டிருந்தன. அந்தத் தங்க வளையச் சப்பாத்தும் நடுவில் இருந்தது. ஒளித்து வைக்கிற மனிதன் இப்படி வெயிலில் காய வைப்பானா?

"வாங்கக்கா, உக்காருங்க. என்னா திடீர்னு?" என்றார். அவரிடம் பழைய பொத்தான் கைப்பேசிதான். மாநிலம் முழுக்க அவரைத் திருடன் என்று சொல்லிக்கொண்டிருந்தது, அவருக்கு மட்டும் தெரியவில்லை. நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. பேசாமல் காணொளியைக் காட்டினேன்.

அவர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். "அட, நான்தான் இது! ரொம்ப இளைச்சுப்போய்ட்டேன் போல இருக்கேக்கா" என்று சிரித்தார். பிறகு மேலே இருந்த எழுத்தைப் படித்தார். சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

"இத ஸ்கூல் பிள்ளைங்க பாத்திருக்குமாக்கா?"

பார்த்திருக்கும் என்றேன். பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"செயலாளர்தானே அள்ளச் சொன்னாரு. ஒவ்வொரு சனிக்கிழமையும் நான்தானே அள்ளுறேன். வேற யாரும் கிட்ட வர மாட்டேங்குறாங்க, தொட்டாலே ஒட்டிக்குமாம். நான் கழுவி செம்பனைத் தோட்டத்துல வேல செய்ற இந்தோனேசியாக்காரங்களுக்குக் குடுத்துருவேன். அவங்களுக்கு இதெல்லாம் ஒண்ணும் கிடையாது. கால்ல முள்ளு குத்தாம இருந்தா சரி."

"அந்தப் பளபளா சப்பாத்து?"

"அதுவும் அங்கதான் கெடந்துச்சு. நல்ல சாமான். பெரிய பீடை புடிச்ச ஆளு போலன்னு நெனச்சேன்."

அந்த நேரத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது என்றால் நம்புவீர்களா? வந்தது. சிரித்தும்விட்டேன். அவர் சிரிக்கவில்லை.

அங்கிருந்தே பள்ளித் தலைமையாசிரியைக்குப் போன் செய்தேன். அவர் காலையிலிருந்து பெற்றோர்களிடம் ஏச்சு வாங்கி நொந்துபோயிருந்தார். "எனக்கு மணியத்த நல்லாத் தெரியும்மா. ஆனா திருடன் காவல் நிக்கிற ஸ்கூலுக்குப் பிள்ளைய அனுப்ப மாட்டோம்னு சொல்றாங்களே, நான் என்னா செய்யட்டும்? காவல் கம்பெனி நாளைக்கு வேற ஆளு அனுப்புறோம்னு சொல்லிட்டாங்க. சாயந்தரத்துக்குள்ள போலீஸ் அவரு மேல தப்பு இல்லன்னு சொன்னா, நான் நிறுத்திப் பாக்குறேன்" என்றார்.

தோட்டம் மூடினதிலிருந்து அந்தப் பள்ளி கேட்டில் நிற்கிறவர் மணியம். எந்தப் பிள்ளையை யார் வந்து அழைத்துப் போவார்கள் என்று முகம் பார்த்துச் சொல்வார். அந்த வயதில் இந்தப் பெயரோடு அவருக்கு வேறு எவன் வேலை கொடுப்பான்? எனக்குக் கோபம் தலைக்கேறியது. காரை நேரே கோவிலுக்கு விட்டேன்.

செயலாளர் கோவில் அலுவலகத்தில் இருந்தார். போலீசில் புகார் கொடுத்தவர் அவர்தான். நான் உட்காரக்கூட இல்லை.

"மணியத்த அள்ளச் சொன்னது யாரு?"

"அது வந்து... அக்கா..."

"நீங்கதானே?"

"ஆமாக்கா. ஆனா டத்தோ அவ்ளோ பேர் முன்னாடி கத்துறாரு, யார்ரா எடுத்ததுன்னு. மண்டபக் கூரைக்கு உதவி செய்றேன்னு மேடையில இப்பத்தான் சொல்லிட்டு வந்தாரு. அந்த நேரத்துல நான்தான் அள்ளச் சொன்னேன்னு எப்படிக்கா சொல்றது?"

"அதுக்கு மணியத்தப் புடிச்சுக் குடுத்துட்டீங்க. நல்லா இருக்கு லா உங்க நியாயம்! பதிவ எடுங்க. அந்தத் துண்டு இல்ல. காலையில கேட்டு தொறந்ததுலேருந்து முழுசாப் போடுங்க."

போட்டார். நாங்கள் இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். முதலில் ஒன்று தெரிந்தது. மணியம் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்தாரே, அந்தத் திருட்டு முழி, அதற்கு முந்திய நொடியில் ஒரு வேன் பின்னால் வருகிறது. மனிதர் மோதிவிடாமல் இருக்கத் திரும்பிப் பார்க்கிறார். வெட்டி எடுத்துப் பரப்பிய துண்டில் வேன் வந்த பகுதி இல்லை. ஓட்டிப் பின்னால் போனோம். டத்தோ வருகிறார், சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக அடுக்கில் வைக்கிறார், உள்ளே போகிறார். கொஞ்ச நேரம் கழித்துப் பச்சைப் பட்டுச் சேலை கட்டிய ஓர் அம்மா வெளியே வருகிறார். சுற்றும் முற்றும் பார்க்கிறார். அடுக்கிலிருந்து அந்தச் சப்பாத்தை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு போய்ச் சுவர் ஓரத்துக் குவியலில் போடுகிறார். கையை உதறிவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி உள்ளே போகிறார்.

திருட்டு முழி என்றால் அதுதான் திருட்டு முழி.

செயலாளரின் முகத்தில் ரத்தமே இல்லை. "அக்கா, அது டத்தின்" என்றார். டத்தோவின் மனைவி.

சரியாக அந்த நேரத்தில் செய்தியாசிரியர் மறுபடி அழைத்தார். மற்ற பத்திரிகை மணியத்தின் பெயரோடு எழுதிக்கொண்டிருக்கிறதாம். எனக்கு என்ன கிடைத்தது என்று கேட்டார். யோசித்துப் பாருங்கள். என் கையில் இருந்தது மணியத்தைவிடப் பத்து மடங்கு சிரிப்புச் செய்தி. கணவரின் சப்பாத்தைக் கோவிலில் கடத்திய டத்தின், படத்தோடு! அதைப் போட்டிருந்தால் நாடு முழுக்கப் பேசியிருக்கும். மணியமும் தப்பித்திருப்பார். ஆசை இருந்ததா என்றால், எச்சில் ஊறியது. ஆனால் கணவரின் சப்பாத்தை இடம் மாற்றி வைப்பது எந்தச் சட்டத்தில் குற்றம்? மணியத்தின் மேலிருந்து சேற்றை எடுத்து இன்னொரு பெண்ணின் மேல் பூசுவதற்கா நான் காலையிலிருந்து ஓடினேன்? "இன்னும் முடியல தம்பி, பொறு" என்று வைத்துவிட்டேன்.

டத்தினின் எண் என்னிடம் இருந்தது. மாதர் நிகழ்ச்சிகளில் எத்தனையோ தடவை பார்த்துப் பேசியிருக்கிறோம். சுற்றி வளைக்காமல் சொன்னேன்.

"டத்தின், நீங்க சப்பாத்த மாத்தி வச்சத கேமராவுல பாத்துட்டேன். அந்தப் படத்த நான் போட மாட்டேன், எழுதவும் மாட்டேன். அது உங்க வீட்டு விசயம். ஆனா நாளைக்குக் காலையில ஒரு மனுசனுக்கு வேல போகப்போகுது. நீங்க ஸ்டேசனுக்கு வந்து உண்மையச் சொல்லணும்."

"டத்தோவுக்குத் தெரிஞ்சா என்னைக் கொன்னே போட்டுருவாரும்மா" என்றார்.

"அப்படிக் கொன்னா அத நல்லபடியா முதல் பக்கத்துல எழுதறேன். இப்பக் கெளம்பி வாங்க."

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. வருகிறேன் என்றார். வந்தார். அதனால்தான் இன்றைக்கும் அவர் மேல் எனக்கு மரியாதை.

மாலை, போலீஸ் நிலையம். மணியம் சாக்கைத் தானே மோட்டாரில் கொண்டுவந்திருந்தார். சார்ஜன் மலாய்க்காரர், பொறுமைசாலி. சாக்கை முன்கூடத்தில் கொட்டச் சொன்னார். கழுவிக் காய்ந்த செருப்புகள் சவர்க்கார வாசத்தோடு தரையில் பரந்தன. நடுவில் டத்தோவின் சப்பாத்து. ஒரு பக்கம் டத்தோவும் டத்தினும், இன்னொரு பக்கம் செயலாளரும் மணியமும், நடுவில் நான் மொழிபெயர்ப்பாளர் மாதிரி.

டத்தின் யாரையும் பார்க்காமல் தரையைப் பார்த்துப் பேசினார். "நான்தான் எடுத்து அந்தக் குவியல்ல போட்டேன். உங்களுக்கு ஏழரை நடக்குது. தொழில்ல எவ்ளோ அடி. சொன்னா நீங்க கேக்க மாட்டீங்க, மூடநம்பிக்கைன்னு ஏசுவீங்க. அதான் சொல்லாம செஞ்சேன். இந்த மனுசருக்கு ஒண்ணும் தெரியாது."

டத்தோவின் முகம் சிவந்தது. செயலாளரும் அப்போதுதான் வாயைத் திறந்து, அள்ளச் சொன்னது தான்தான் என்றார். சார்ஜன் என்னைப் பார்த்தார். நான் மலாயில் சனி, செருப்பு, பீடை எல்லாவற்றையும் விளக்கினேன். பாதியிலேயே அவருக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது.

"ஓ! புவாங் சியால்!" என்றார். பீடையைத் தூக்கி எறிவதற்கு மலாய்க்காரர்களும் அதே பேச்சுத்தான் பேசுகிறார்கள். சொல்லிவிட்டு, தரையில் கிடந்த செருப்புகளைப் பார்த்து, தன் காலை மெதுவாகப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

புகார் வாபஸ் ஆனது. சார்ஜன் சப்பாத்தைக் காட்டி, எடுத்துக்கொள்ளுங்கள் டத்தோ என்றார். டத்தோ குனிந்தார்.

"அத மட்டும் வண்டியில ஏத்துனீங்க, நான் பட்டணம் வரைக்கும் நடந்தே போயிருவேன்!" என்று டத்தின் போட்ட சத்தத்தில் உள்ளே இருந்த கான்ஸ்டபிள் எட்டிப் பார்த்தார்.

டத்தோ நிமிர்ந்தார். மூடநம்பிக்கை இல்லாத அந்த மனிதர் சப்பாத்தை ஒருமுறை பார்த்தார், மனைவியை ஒருமுறை பார்த்தார், கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். பிறகு மணியத்திடம் வந்தார். "தப்பா நெனச்சிட்டேன் அண்ணே, மன்னிச்சிருங்க. இத நீங்களே வச்சுக்குங்க" என்றார்.

"மன்னிப்பெல்லாம் எதுக்குங்க டத்தோ. சப்பாத்து வேணாங்க. அது என் காலக் கடிக்கும்" என்றார் மணியம்.

தலைமையாசிரியைக்கு நான் அங்கிருந்தே போன் போட்டுச் சார்ஜனிடம் கொடுத்தேன். உங்கள் பாதுகாவலர் மேல் எந்தத் தவறும் இல்லை என்று அவரே சொன்னார். அந்த அம்மா மறுமுனையில் அழுதது எனக்கே கேட்டது. வேலை தப்பியது. இத்தோடு முடிந்தது என்று நினைக்கிறீர்களா? வேலைதான் திரும்பி வந்தது. பெயர் இன்னும் ஆயிரம் கைப்பேசிகளில் கிடந்தது. நம் வேலை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

செய்தியாசிரியர் எல்லாம் கேட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டார். "திருட்டே இல்லன்னா செய்தி எங்கக்கா இருக்கு? உள்பக்கத்துல சின்னதாப் போட்டுருவோம்."

"காலையில முதல் பக்கம்னு சொன்னது யாரு?"

"அது காலையிலக்கா."

"திருடன்னு சொல்ல முதல் பக்கம், இல்லன்னு சொல்ல மூலையா? அந்த இடம் இப்ப மணியத்துக்கு. முடியாதுன்னா சொல்லு, நான் எழுதல. நாளையிலேருந்து தூங்கிப்போன திருடனப் பத்தியும் நீங்களே எழுதிக்குங்க."

நான் மிரட்டினேன்தான். வேலையில் இருந்த காலத்தில் நான் போட்ட சண்டைகளில் நியாயமான சண்டை இது. அவர் விட்டுக்கொடுத்தார். அவரும் நல்ல பத்திரிகைக்காரர்தான், கொஞ்சம் உலுக்கினால் போதும்.

நிலையத்துக்கு எதிரில் இருந்த சாப்பாட்டுக் கடையில் மடிக்கணினியைத் திறந்து எழுத உட்கார்ந்தேன். மணியம் எதிரில் தே ஓ, பால் இல்லாத தேநீர், வாங்கி வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தார். டத்தோ, டத்தின் பெயர்களை விட்டுவிட்டேன். ஒரு குடும்பத்தார் மறதியாக இடம் மாற்றி வைத்ததாகக்கூட எழுதவில்லை, அது பொய். விட்டுச்சென்ற செருப்புகளை அள்ளச் சொன்னது கோவில் நிர்வாகம் என்பதையும், திருட்டுப் புகார் திரும்பப் பெறப்பட்டது என்பதையும், அந்தக் காணொளியில் ஒரு வேன் வெட்டப்பட்டிருந்ததையும் எழுதினேன். ஊர்க்காரர்கள் வெறுங்காலோடு தார் ரோட்டில் குதித்ததையும் விடவில்லை. சிரிக்க வேண்டிய இடம் அதுதானே. பிறகு மணியத்திடம் படித்துக் காட்டினேன்.

"‘பாதுகாவலர் ஒருவர்’னு போட்டிருக்கேன் அண்ணே. உங்க பேரு வெளிய வராது."

அவர் முகம் வாடியது. "யாருக்கா அந்த ஒருவரு?"

"உங்க நல்லதுக்குத்தான் அண்ணே."

"காலையிலேருந்து எல்லாரும் என் பேரச் சொல்லித்தானே ஏசுனாங்க. நல்லது சொல்றப்ப மட்டும் எதுக்குக்கா பேரு இல்ல? பேரப் போடுங்க. அப்பா பேரையும் சேத்துப் போடுங்க."

அவர் கேட்டது நியாயம். போட்டேன். அதே வேகத்தில் தலைப்பையும் மாற்றிப் பெரிய எழுத்தில் தட்டினேன்: "மணியம் திருடன் அல்ல!" எனக்கே புல்லரித்தது. திரையை அவர் பக்கம் திருப்பினேன். அவர் விரலை வைத்து மெதுவாகப் படித்தார். கண் கலங்கும் என்று எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எல்லாம் நல்லா இருக்குக்கா. அந்த ஒரு வார்த்தைய மட்டும் எடுத்துடுங்க."

"அல்லன்னு போட்டிருக்கே அண்ணே."

"அது நீங்க படிக்கிறப்பக்கா. ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைங்க எழுத்துக் கூட்டித்தான் படிக்கும். என் பேரப் படிச்சிட்டு, அடுத்தது அதத்தான் படிக்கும். பாதியில மணி அடிச்சிட்டா, அதோட ஓடிப்போயிரும்."

அந்தச் சொல்லை அழித்தேன். தலைப்பிலிருந்து மட்டும் இல்லை, செய்தி முழுக்கத் தேடித் தேடி அழித்தேன். திருட்டு என்ற சொல்லும் போனது. அது இல்லாமல் ஒரு குற்றச் செய்தியை எழுதிப் பாருங்கள், அப்போது தெரியும் என் கஷ்டம்.

மறுநாள் முதல் பக்கத்தில் அவருடைய படத்தோடு வந்தது: "மணியம் முனியாண்டி அள்ளியது ஊரே விட்டுப்போன செருப்பு."

அன்று காலை பள்ளிக்கூடம் தொடங்குவதற்கு முன்பே கேட்டுக்குப் போனேன். தலைமையாசிரியை அந்தப் பக்கத்தைப் பெரிதாக்கிச் சுவரில் ஒட்டியிருந்தார். மணியம் சீருடை போட்டு, கேட்டைப் பிடித்துக்கொண்டு, அந்தச் சுவரைப் பார்க்காத மாதிரி நின்றார். சின்னப் பிள்ளைகள் புத்தகப் பையோடு அதன் முன்னால் கூடி, சத்தம் போட்டு எழுத்துக் கூட்டினார்கள். ம, ணி, ய, ம், மணியம்! அங்கே கொஞ்சம் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, அடுத்த சொல்லுக்குப் போனார்கள். அது அவருடைய அப்பாவின் பெயர்.